முழுகாமல் இருந்த லேப்டாப்

என் மேசைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. முக்கால் டப்பா மணல். ஸ்டோர் அக்கா கொடுத்தது. மூன்றாண்டுகள் அந்த மணலுக்குள் கருகிப்போன ஒரு லேப்டாப் பேட்டரி புதைந்து கிடந்தது.

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் வேலை பார்த்த இரும்புத் தொழிற்சாலையில் அக்கா ஸ்டோர் பொறுப்பில் இருந்தார்; நான் வருகைப்பதிவு பார்க்கும் டைம் ஆபீசில். பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி வந்து அங்கே ரயில் பிடிப்பார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவார். எதையும் அதன் பெயரால் சொல்லமாட்டார். ஓடாத எடை மெஷின் அவருக்கு ‘விரதம் இருக்கிறது’. கையெழுத்துப் போட இழுத்தடிக்கும் மேலாளர் ‘கைவலிக்காரர்’. நானோ எல்லாவற்றுக்கும் நாளும் நேரமும் குறித்துவைப்பவன். “நான் தும்முனாகூட நோட்டுல ஏத்திக்கினு இருப்பியே நைனா” என்பார்.

அக்கா தன் மகளின் கல்லூரிப் படிப்புக்காக வாங்கிய லேப்டாப்பில் ஒரு திங்கட்கிழமை டச்பேட் மேலே எழும்பி நின்றது. அக்கா அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். கூடவே குரல்பதிவு: “இன்னா நைனா, லேப்டாப்பு முழுகாம கீது. எத்தினி மாசம்னு பாத்து சொல்லு.” உப்பிய பேட்டரி தீப்பிடித்த செய்திகளைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிவைத்திருந்தவன் நான். ஆனாலும் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

புதன்கிழமை சர்வீஸ் சென்டரிலும் அக்கா அதையேதான் சொன்னார். கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே ரசீதில் ‘டச்பேட் பழுது’ என்று எழுதினாள். அழுத்திப் பொருத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். “சிரிச்சிகினே டச்பேட்னு எழுதிச்சு அந்தப் பாப்பா” என்று வழியிலிருந்தே எனக்கு இன்னொரு பதிவு அனுப்பினார்.

அந்த ஞாயிறு காலை மகள் லேப்டாப்பைக் கட்டில்மேல் சார்ஜ் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். புகை கிளம்பியதும் அக்கா வெறுங்கையால் தூக்கி வாசலில் எறிந்தார். தொழிற்சாலைப் பழக்கத்தில் வீட்டு வாசலிலும் சிவப்பு வாளியில் மணல் வைத்திருந்தார்; தெருவே கேலி செய்த வாளி. அந்த மணலைக் கொட்டித்தான் தீயை அடக்கினார். கருகிய பேட்டரியை அதே மணலோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவைத்தார். வலது கையில் மூன்று விரல்கள் அதன்பிறகு முழுதாக மடங்கவில்லை.

பேட்டரி பற்றி முன்பு புகாரே இல்லை, மெத்தைமேல் வைத்தது பயனாளரின் கவனக்குறைவு என்று நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. அதைப் படித்த நாள்முதல், அம்மா சோறு பிசையத் திணறினால் மகள் எழுந்து போய்விடுவாள். “டப்பு வந்தா வரட்டும் நைனா. எம்பொண்ணு மேல தப்பில்லன்னு எழுத்துல வேணும்” என்று அக்கா திருவள்ளூர் நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீட்டு வழக்குப் போட்டார்.

பரிசோதிக்க வேண்டும் என்று பேட்டரியைக் கேட்டு நிறுவனத்து ஆள் ஒருவர் வீட்டுக்கே வந்தார். “இத்த குடுத்துட்டா அப்புறம் என் கை மட்டுந்தான் சாட்சி. கோர்ட்டு கேக்கட்டும், குடுக்கறேன். நீ டீ குடிச்சிட்டுப் போ கண்ணு” என்று அனுப்பிவைத்தார்.

விசாரணையில் நிறுவனத்தின் வக்கீல் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார். சர்வீஸ் சென்டரில் பேட்டரி என்ற வார்த்தையைச் சொன்னீர்களா, இல்லையா?

“சொல்லல சார். முழுகாம இருக்குதுன்னு சொன்னேன்.”

கூடமே சிரித்தது. தன் கேலிக்காக அக்கா கூனிக்குறுகி நான் பார்த்தது அன்று மட்டும்தான். எங்கள் வக்கீல் என் போனிலிருந்த படத்தையும் இரண்டு குரல்பதிவுகளையும் நாளும் நேரமுமாகக் காட்டினார். அவற்றுக்கடியில் என் சிரிப்புப் பொம்மையும் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்: “வயிறு உப்பிக்கினு இருந்தாத்தான சார் அப்பிடி சொல்லுவோம்? வேற எதுக்கு சொல்லுவோம்?” தலைவராக இருந்த அம்மையார் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டார்.

உத்தரவில் இழப்பீட்டுத் தொகை கடைசிப் பக்கத்தில் இருந்தது. பேட்டரி உப்பியிருந்ததை முறையீட்டாளர் தமக்கு இயல்பான சொல்லில் தெரிவித்தும் கவனிக்கப்படவில்லை, பயனாளர்மீது தவறில்லை என்ற வரி அதற்கு முந்திய பக்கத்தில். மகள் அந்த வரியை இரண்டு முறை சத்தமாகப் படித்தாள். அன்று மதியம் அவளே சோறு பிசைந்து அம்மாவுக்கு ஊட்டினாள். “உப்பே இல்லடி” என்றாராம் அக்கா.

மகளுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் அக்கா அவளோடு போய்விட்டார். பேட்டரியைப் பத்திரமாக அழிக்கக் கொடுத்தபின், “நோட்டோட இதையும் வச்சிக்க” என்று டப்பாவை மணலோடு என்னிடம் தந்தார்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை என் லேப்டாப்பில் டச்பேட் லேசாக எழும்பியிருந்தது. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன், ‘எத்தனை மாதம்?’ என்று கேட்டு. சிரிப்பு வரும் என்று நினைத்தேன். உடனே போன் வந்தது.

“வயரைப் புடுங்கு மொதல்ல. நேரா போய் பேட்டரின்னு சொல்லு நைனா. பேட்டரின்னு எழுதிக்கிறாங்களான்னு படிச்சிப் பாரு.”

வயரைப் பிடுங்கினேன். மேசைக்கு அடியிலிருந்த டப்பாவை இழுத்து, மூடியைத் திறந்து, கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன்.