எஃப் பதினொன்றும் தலைவரின் வெள்ளி முடிச்சும்

நாரிஸ் டேப்லி நாற்பது வருடம் பஸ் கம்பெனியில் கால அட்டவணை போட்டவர். எதுவும் நேரத்துக்கு வந்து சேராது என்பதை அத்தனை வருடமும் எழுத்துப்பூர்வமாக மறுத்துக் களைத்தவர், ஓய்வு பெற்றதும் நகராத பொருள்களின் பக்கம் திரும்பினார். இங்கிலாந்தில் லீக் என்ற எங்கள் சிற்றூரில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. பழைய ராணுவத் தொப்பிச் சின்னம் சேர்ப்பவர்கள் மட்டும் முப்பத்தொரு பேர் இருந்தோம். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் கூடி, பிஸ்கட் தின்று, கட்டைவிரல் அகலப் பித்தளைகளைக் காட்டி ஒருவரையொருவர் பொறாமைப்பட வைப்போம். கழக விதிமுறையில் இதை வேறு வார்த்தைகளில் எழுதியிருந்தோம்.

நாரிஸ் வருவதற்கு முன்பு எங்கள் ஆண்டு மலரில் வந்த படங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சின்னத்தைக் கம்பளத்தில் வைத்து ஃப்ளாஷ் அடிப்போம். கம்பளத்தின் பூ வேலைப்பாடு துல்லியமாக விழும். நடுவில் ஒரு வெள்ளைச் சூரியன் இருக்கும்.

"இது குதிரைப்படைச் சின்னமா, பொரிச்ச முட்டையா?" என்று நாரிஸ் முதல் கூட்டத்திலேயே கேட்டார். உடனே அவரை அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தோம். எதிர்த்துப் போட்டியிட யாரும் இல்லை.

அவருடைய படப்பிடிப்புக் கூடம் வீட்டின் பின்பக்கப் படுக்கையறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. பெரிய வெள்ளை பிளாஸ்டிக் பால் கேனின் அடியை வெட்டி, சின்னத்தின் மேல் கூடாரம்போலக் கவிழ்ப்பார். வெளியே ஒரு மேசை விளக்கு. ஒளி பிளாஸ்டிக் வழியாக மெத்தென்று இறங்கும். பித்தளையும் வெள்ளியும் எதிரில் இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுப்பவை, நாரிஸின் மூக்கு உட்பட. அதனால் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட கறுப்பு அட்டைக்குப் பின்னால் அவர் ஒளிந்துகொள்வார். கூடாரத்தின் பக்கவாட்டில் ஒரு கீறல். அதன் வழியே இன்னொரு விளக்கு, சாயங்கால வெயில் வயலில் படுவதுபோல, தரையோடு தரையாக. அப்போதுதான் ஒவ்வொரு கோடும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். காமிரா முக்காலியில். ஐஎஸ்ஓ நூறு. லென்ஸின் துளை எஃப் பதினொன்று என்ற சிறிய அளவு, முன்னும் பின்னும் எல்லாம் கூராக விழ. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. நிறம் பிசகாமல் இருக்க முதலில் சாம்பல் நிற அட்டையை ஒரு படம். பித்தளை செம்பாகத் தெரிந்துவிட்டால் கழகத்தில் கைகலப்பு நடக்கும். விரல் பட்டு ஆடாமலிருக்க டைமர். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் நடக்கக் கூடாது.

"டோரீன், நில்லு!"

"எவ்வளவு நேரம், கண்ணு?" மனைவி மாடிப்படியில் ஒற்றைக்காலில் நிற்பார்.

"ரெண்டு செகண்ட்."

"நேத்தும் ரெண்டு செகண்டுன்னுதான் சொன்ன. உருளைக்கிழங்கு அடிபிடிச்சுப் போச்சு."

படங்கள் அப்படி வந்தன. எறும்பு ஏறினால் அதன் கால்களை எண்ணலாம். "காட்டறதுக்குத்தான் படம். மறைக்கறதுக்குத் துணி இருக்கு" என்பது நாரிஸின் மதம்.

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. 'போலி' என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. ஒருமுறை அது உச்சரிக்கப்பட்டு, இரண்டு உறுப்பினர்கள் பதினாறு வருடம் பேசிக்கொள்ளவில்லை. அதனால், யாராவது போலியைக் காட்டினால் கையில் வாங்கி, திருப்பிப் பின்பக்கம் பார்த்து, "சுவாரசியமா இருக்கு" என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டு, வீட்டில் எல்லாரும் நலமா என்று விசாரிக்க வேண்டும். உரியவருக்குப் புரிந்துவிடும். அவர் இரண்டு பிஸ்கட் கூடுதலாக எடுத்துக்கொள்வார்.

2009-இல் மலரின் நாற்பதாவது ஆண்டு. அட்டையில் தலைவர் பெர்னார்ட் க்ளூலோவின் வெள்ளி முடிச்சு வருவதென்று ஏகமனதாக முடிவானது. பெர்னார்டுக்கு எண்பத்தொரு வயது. பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். முடிச்சு, கயிற்று முடிச்சு வடிவில் வெள்ளியில் செய்த, இந்தப் பக்கத்துப் பழைய தொண்டர்படை ஒன்றின் சின்னம். உலகத்தில் ஐந்துதான் மிச்சம் என்பார்கள். நான்கு அருங்காட்சியக இழுப்பறைகளில், ஐந்தாவது பெர்னார்டின் கோட்டுப் பையில், இருமல் மிட்டாய் டப்பாவுக்குள். முப்பத்தைந்து வருடமாக அதைக் கையெட்டும் தூரத்துக்கு அப்பால் நின்றுதான் எல்லாரும் தரிசித்திருக்கிறோம். அவரைத் தெருவில் பார்ப்பவர்கள் அவர் மனைவியை விசாரிப்பதற்கு முன் முடிச்சை விசாரிப்பார்கள்.

நாரிஸ் அதைக் கூடாரத்துக்குள் வைத்து, விளக்கைத் தாழ்த்தி, எடுத்த படத்தைக் கணினியில் பெரிதாக்கினார். முடிச்சின் மேலெல்லாம் ஊசிமுனைக் குழிகள், ஆரஞ்சுத் தோல்போல. அசல் என்றால் அச்சில் அடித்த வெள்ளி, கத்திமாதிரி விளிம்போடு இருக்கும். வார்ப்பில் ஊற்றிய நகலில்தான் இப்படிக் குழி விழும். ஓரத்தில் அரம் போட்டுத் தேய்த்த தடமும் இருந்தது. லென்ஸைத் துடைத்தார். விளக்கை மாற்றினார். பதினோரு படம் எடுத்தார். குழிகள் பதினோரு தடவையும் வந்தன.

"என்ன கண்ணு, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"பெர்னார்டோட முடிச்சு..." நாரிஸ் லென்ஸ் மூடியைப் போட்டார். "சுவாரசியமா இருக்கு."

டோரீன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இந்தப் படம் அட்டையில் வந்தால், காலை டீ ஆறுவதற்குள் முப்பது பேருக்கும் தெரிந்துவிடும். முடிச்சு இல்லாத பெர்னார்டிடம் தெருவில் எதை விசாரிப்பது?

"அப்ப கொஞ்சம் மங்கலா எடேன்" என்றார் டோரீன்.

"மங்கலாவா?" தேவாலய உண்டியலை உடைக்கச் சொன்னதுபோல நாரிஸ் பார்த்தார். "நாளைக்கு என்னை எவன் மதிப்பான்?"

"அதைக் கேட்டுட்டு இரு. அந்த மனுஷன் நாளைக்கு எங்க போய் நிப்பார்?"

மூன்று நாள் அவர் காமிராவைத் தொடவில்லை. நான்காம் நாள் துளையை எஃப் இரண்டு புள்ளி எட்டுக்குத் திறந்தார். பக்கவாட்டு விளக்கை அணைத்தார். பால் கேன் மேல் இன்னொரு பால் கேன். முடிச்சின் மேல்வளைவு மட்டும் கூராக நின்றது, மற்றதெல்லாம் பனியில் கரைந்தது. குழி ஒன்றுகூட இல்லை. அன்று டோரீனை நிற்கச் சொல்லவில்லை.

மலர் வெளிவந்த செவ்வாய்க்கிழமை நாரிஸ் கதவோரமாக உட்கார்ந்து கேலிக்காகக் காத்திருந்தார். கழகத்தின் ஒரே பெண் உறுப்பினர் க்வெண்டா ரஷ்டன்தான் முதலில் வாய் திறந்தார்.

"நாரிஸ், இது கனவு மாதிரி இருக்கு, கண்ணு."

கைதட்டல் எழுந்தது. பெர்னார்ட் அட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

மறுநாள் ஹொரேஸ் பாக்னல் போன் செய்தார். "என் ஈட்டிப்படைச் சின்னம் இருக்குல்ல, அதையும் அந்தப் புது பாணில எடுத்துக் குடேன். கொஞ்சம் கனவா."

"அதான் போன வருஷமே எடுத்தேனே, பிரமாதமா வந்துச்சே?"

"அது ரொம்பத் தெளிவா இருக்குப்பா. கலை இல்ல."

பிறகு க்வெண்டா இரண்டு கொண்டுவந்தார். இரண்டு வாரத்தில் பதினான்கு பேர். சாதாரணச் சின்னத்தை எவரும் கொண்டுவரவில்லை. அவரவர் சேகரிப்பின் மகுடத்தையே கொண்டுவந்தார்கள். பதினான்கில் நானும் ஒருவன். எனக்குக் கலை ஆர்வம் தவிர வேறு காரணமில்லை. நாரிஸ் எதுவும் கேட்காமல் எல்லாருக்கும் பனி போட்டுக் கொடுத்தார். அவருடைய சாப்பாடு குறைந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை பெர்னார்ட் மிட்டாய் டப்பாவோடு வந்தார்.

"உங்களுக்கும் கனவா, தலைவரே?"

"கனவு போதும். கூரா ஒண்ணு எடு. எல்லாக் குழியும் தெரியணும்."

நாரிஸ் கறுப்பு அட்டையைக் கீழே போட்டுவிட்டார். "உங்களுக்குத் தெரியுமா?"

"வாங்கின மறுவாரமே தெரியும். பூதக்கண்ணாடி எங்க வீட்லயும் இருக்கு."

"அப்புறம் ஏன் முப்பத்தஞ்சு வருஷம் சொல்லல?"

"எல்லாரும் தள்ளி நின்னு பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டிருந்தாங்க. குறுக்க பேசறது மரியாதை இல்லையே." பெர்னார்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கிட்டப் போய்ப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான். பார்த்துட்டு எனக்காக மதம் மாறிட்ட. அது உன் உடம்புக்கு ஒத்துக்கலன்னு டோரீன் சொன்னா. எடுப்பா. வீட்ல என் ரூம்ல மாட்டிக்கறேன்."

நாரிஸ் இரண்டாவது பால் கேனை எடுத்துத் தள்ளிவைத்தார். பக்கவாட்டு விளக்கைத் தாழ்த்தினார். எஃப் பதினொன்று. திரையில் குழிகள் ஒன்று விடாமல் வந்து நின்றன. பெர்னார்ட் முகத்தைத் திரையருகே கொண்டுபோய், ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இடது பக்கம் கொஞ்சம் இருட்டா இருக்கே" என்றார்.

நாரிஸ் அந்தப் பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி, மறுபடி எடுத்தார்.