பெருந்தேவி தட்டிய சொல்

1991இல் ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீசுக்குள் போன இங்கிலீஷ் மனு அத்தனையும் பெருந்தேவியின் டைப்ரைட்டரில் பிறந்தவைதாம். சரி, அத்தனையும் இல்லை, பாதி. பாதி என்பதுகூட ஏற்றிச் சொன்னதுதான்.

ஆபீஸ் வாசலில் புங்கமரத்தடியில் அவள் மேஜை. பக்கத்தில் பத்திரத்தாள் விற்கும் தணிகாசலம். மனு கொடுக்க வருகிறவர்களுக்கு 'பிஸீச்' என்ற பழைய இங்கிலீஷ் வினைச்சொல் கட்டாயம் வேண்டும். "அந்தக் கெஞ்சற வார்த்தைய போட்டியாம்மா? அது இருந்தாதான் ஆபீசர் படிப்பாரு" என்பார்கள்.

காஞ்சிபுரத்து டைப்பிங் வகுப்பில் அவளுக்கும் கெஞ்சு என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு நாள் வக்கீல் ஒருவரின் தடித்த அகராதியைப் புரட்டினால் சங்கதி வேறு. 'தேடு' என்று பொருள்படும் பழஞ்சொல்லுக்கு முன்னால் ஒரு முன்னொட்டைச் சேர்த்து உண்டாக்கியிருக்கிறார்கள்; விடாமல் தேடுவது என்று பொருள். கெஞ்சல் பிறகு வந்து அதில் குடியேறியது. அன்று முதல் கேட்டவர்களிடமெல்லாம், "கால்ல வுழறது இல்லீங்க, தேடிக்கினு வந்துகீறேன்னு அர்த்தம்" என்பாள்.

ஐப்பசியில் அவள் கணவர் ஏகாம்பரநாதன், மறைமலை நகர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றவர், நின்ற இடத்திலேயே சரிந்து போனார். இறந்தவரின் மனைவிக்கு அங்கே வேலை வேண்டுமானால் முப்பது நாளைக்குள் கம்பெனிக்கு மனு கொடுக்கவேண்டும். இன்று இருபத்தொன்பதாம் நாள்.

அழுகை வரவில்லை. பசியும் இல்லை. தாளைச் செருகினாள். விரல்கள் தாமாக ஓடின: கணவர் பெயர், டோக்கன் நம்பர், இறந்த தேதி. யாரோ ஒருத்தியின் கதைபோல. 'பிஸீச்' வருமிடத்தில் விரல் நின்றது. எதைத் தேடுகிறோம் என்று யோசித்துப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை. இரண்டு பிள்ளைகள், வேலை வேண்டும், தெரிந்தது, உறைக்கவில்லை. சொல்லைத் தட்டி முடித்தாள்.

தாளை உருவி, டைப் அடிப்பவர்கள் போடும் வழக்கப்படி இடது ஓரத்தில் சின்னதாக இனிஷியலைப் போட்டுத் தணிகாசலத்திடம் நீட்டினாள்.

"அண்ணே, ஆள் வந்தா கையெழுத்து வாங்கி வையுங்க. நாளைக்குக் கடைசி நாள்."

"எந்த ஆளும்மா?"

அவர் தாளை அவள் பக்கம் திருப்பி, தம் பேனாவை அதன்மேல் வைத்தார்.

"ஓரத்துல போட்டுகினுகீற. அது டைப் அடிச்சவங்க எடம். நீ இங்க, மனுதாரர்னு கீது பாரு, அதுக்கு மேல போடணும் தங்கச்சி."