தண்ணியையும் ஆயிலையும் பிரித்து வைத்தவர்

புயலில் காடாம்புலியூர் முந்திரி மரங்களெல்லாம் சாய்ந்தனவே, அதற்கு அடுத்த கோடையில்தான் அவரைப் பார்த்தேன். வடலூரில் ரேடியேட்டர் கடை வைத்திருந்தார். ஒல்லியான ஆள், தூங்காத கண். பேசும்போது ஈரத்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

நிலக்கரி மைன்ஸில் அடிபட்டதிலிருந்து என் இடது கால் கிளட்ச் மிதிக்காது. அதனால் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கியிருந்தேன். நெய்வேலியிலிருந்து மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக அதுதான் கதி. அதன் ரேடியேட்டர் ஒழுகியது.

கம்பெனி ரேடியேட்டரையும் வெளிப் பட்டறையில் செய்ததையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். வெளியில் செய்தது தடிமனாகப் பளபளத்தது. அதைக் காட்டினேன்.

"தடிப்பப் பாக்காதீங்க. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ரேடியேட்டர் தொட்டிக்குள்ளயே கியர் ஆயில் குழாய் ஓடுது. இதுல குழாய் ஒட்டு மட்டம். வுட்டுச்சுன்னா தண்ணி ஆயிலோட கலந்து கியர்பாக்ஸே பூடும்ங்க."

"அப்ப கம்பெனிதையே போடுங்க."

"ஒட்டு நல்லாருக்கும். ஆனா அதுவும் ஒருநாள் வுடும்ங்க. ஆயிலுக்குத் தனியா சின்ன கூலர் வச்சிக்குங்க. ரெண்டையும் ஒரே வூட்ல குடிவைக்க வேணாம்."

"இத எல்லார்கிட்டயும் சொல்றதுதானே?"

"சொல்லிகினேதான் இருக்கேன். பளபளப்பத்தான் தூக்கிகினு போறாங்க. கியர்பாக்ஸ் போனா என்னைத்தான் திட்றாங்க. வாய் வலிக்குதுங்க. இனிமே நீங்க சொல்லுங்க."

கூலர் வைத்தேன். வண்டி இன்னும் ஓடுகிறது, மனைவிக்கு ஆஸ்பத்திரி ஒருநாளும் தப்பவில்லை. வேண்டாமென்று தெரிந்தும் அந்தப் பளபளப்பை ஏன் கடையில் வைத்திருந்தார் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர் யாரையாவது பார்த்தால் நீங்களும் சொல்லிவிடுங்கள். அவருக்கு வாய் வலிக்கிறது.