பெரியப்பா வீட்டு விரிசல்

பெரியப்பா வீட்டுச் சுவரில் விழுந்த விரிசல் எங்கள் வீட்டுச் சுவரில் விழவில்லையே என்று நான் அழுதிருக்கிறேன். சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியப்பா மகளுக்கும் அதே வயதுதான். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவளுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை என்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் தோட்டத்துக்கு வடக்கே, கரடு என்று நாங்கள் சொல்லும் பாறைக்குன்று ஒன்று உண்டு. அதில் கல் குவாரி போடுவதற்குச் சேலத்துக்காரர் ஒருவர் அரசாங்கத்திடம் அனுமதி கேட்டிருந்தார். உத்தரவு வருவதற்கு முன்பே, கல் எப்படி இருக்கிறதென்று பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வேட்டு வைத்துவிட்டார்கள். கரட்டடியிலேயே இருந்தது பெரியப்பா வீடு. அதன் நடுச்சுவரில் உத்திரத்திலிருந்து ஜன்னல்வரை விரிசல் விட்டது. கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் வீட்டில் ஓர் ஓடுகூட நகரவில்லை.

அதற்குப் பிறகு பெரியப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. குவாரி வரக் கூடாது என்று ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்கினார். கலெக்டர் ஆபீசுக்கு மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஆட்டையாம்பட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து விரிசலைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். பெரியம்மா காப்பி போட்டே ஓய்ந்துபோனாள். கடைசியில் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படமும் பிடித்தார். படத்தில் விரிசலுக்குப் பக்கத்தில் பட்டுப்பாவாடையோடு பெரியப்பா மகள் நின்றாள். விரிசல் மங்கலாகத்தான் விழுந்திருந்தது. அவள் மட்டும் பளிச்சென்று இருந்தாள்.

அந்தப் படத்தை வாத்தியார் வகுப்பில் ஒட்டிவைத்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்க்க ஆளுக்கு ஒரு பல்பம் வாங்கிக்கொண்டாள். நானும் பல்பத்தோடு போய் நின்றேன். "நீ எதுக்குடி வரிசைல நிக்கற? நீ சும்மாவே பாத்துக்கலாம்" என்று எல்லார் முன்னாலும் பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அந்தப் பல்பத்தைக் கடித்துத் தின்றுவிட்டேன்.

எங்களிடமும் ஒன்று இருந்தது. அதை வெளியே சொல்லத்தான் முடியவில்லை. அந்த வேட்டுக்குப் பிறகு எங்கள் கிணற்றில் ஊற்று அடங்கிப்போயிருந்தது. காலையில் மோட்டாரைப் போட்டால் உச்சிப்பொழுதுவரை பாய்ந்த தண்ணீர், இப்போது நாலு பாத்தி நனைவதற்குள் நின்றுபோனது. அப்பாவும் பெரியப்பாவும் கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தார்கள். அம்மா என் காதைத் திருகி, "இதப் பத்தி வெளிய மூச்சு உட்டீனா தோலை உரிச்சுப்போடுவேன்" என்றாள்.

காரணம் அத்தை. தாத்தாவும் பாட்டியும் போன பிறகு அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஏற்கெனவே இரண்டு மூன்று இடம் தட்டிப்போய், அப்போதுதான் ஓமலூர்ப் பக்கத்தில் ஓர் இடம் கூடிவந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் எடுக்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதோடு விடமாட்டார்கள். தோட்டத்துக்குள் நடந்து போய்க் கிணற்றையும் எட்டிப் பார்ப்பார்கள். தண்ணீர் இல்லையென்றால் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அப்பா அந்த வாரம் முழுக்க மோட்டாரைத் தொடவே இல்லை. கசிகிற தண்ணீரெல்லாம் கிணற்றில் சேரட்டும் என்று விட்டுவிட்டார். மிளகாய்ச் செடி வாடித் தலை தொங்கியது. அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? புதன்கிழமை பெரியப்பா மகள் பட்டுப்பாவாடை பேச்சை எடுத்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. "உங்களுது வெறும் செவுரு. எங்களுக்குக் கெணறே போயிருச்சு, தெரியுமா" என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேராக எங்கள் கிணற்றுக்கு வந்தாள். எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். படிக்கட்டையெல்லாம் மூடிக்கொண்டு தண்ணீர் கிடந்தது. அவள் சிரித்தாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் வியாழக்கிழமை, முன்கூட்டிச் சொல்லாமல் தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார். குவாரிக்கு அனுமதி கொடுக்கலாமா கூடாதா என்று அவர் பார்த்து எழுதுவதுதான் முடிவு என்றார்கள். ஊரே கூடிவிட்டது. நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். பெரியப்பா மகள் அதே பட்டுப்பாவாடையில் நின்றாள். அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காதது எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"மண் செவுருங்க. மழைக்கே விரிசல் விடும். இத வச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது" என்றார் தாசில்தார். "கெணறு எதாச்சும் பாதிச்சிருக்குதுங்களா? ஊத்து போயிருந்தா சொல்லுங்க. அது ஒண்ணு போதும், குவாரிய நிறுத்தீரலாம்."

கரட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கிணறு எங்களுடையதுதான். கூட்டம் அத்தனையும் எங்கள் தோட்டத்துக்கு வந்தது. பெரியப்பா வீட்டைவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது! தண்ணீர் கிடந்தால் என்ன, அப்பா உண்மையைச் சொல்லிவிடுவார், நாளைக்கு எங்கள் கிணற்றோடு என்னைப் படம் பிடிப்பார்கள் என்று நான் சடையை முன்னால் எடுத்து விட்டுக்கொண்டேன்.

தாசில்தார் எட்டிப் பார்த்துவிட்டு அப்பாவைக் கேட்டார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊத்துக்கு ஒரு கொறையும் இல்லீங்க" என்றார்.

தாசில்தார் பெரியப்பா பக்கம் திரும்பினார். "மனு போட்டது நீங்கதானுங்களே? நீங்க என்ன சொல்றீங்க?"

பெரியப்பா கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை அந்த நேரம் பார்த்து எல்லாருக்கும் மோர் கொண்டுவந்தாள். அவள் முதல் டம்ளரைத் தாசில்தாரிடம் நீட்டியபோது பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமாங்க. தம்பி கெணத்துல தண்ணிக்கு எப்பவும் பஞ்சமில்லீங்க."

தாசில்தார் மோரைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பெரியப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. பொறாமை. சுத்தப் பொறாமை. அவர் விரிசலைவிட எங்கள் கிணறு பெரிதாகிவிடக் கூடாது, வேறென்ன? அவரும்தானே இறங்கிப் பார்த்தார்? அன்றிலிருந்து அவர் கொண்டுவந்து தருகிற முறுக்கைக்கூட நான் கையால் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். உப்புச்சர்க்கரை மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே குவாரிக்கு உத்தரவும் வந்துவிட்டது. தினமும் வேட்டு. பெரியப்பா வீட்டு நடுச்சுவர் பாதி சரிந்து, அவர்கள் தார்ரோட்டோரம் கொட்டகை போட்டுக் குடிபோனார்கள். பெரியப்பா மகள் பட்டுப்பாவாடையை டிரங்குப் பெட்டியில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு போவதை நின்று வேடிக்கை பார்த்தேன். நல்லா வேணும் என்றுதான் தோன்றியது.

கல்யாணத்தில் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் ஓடிக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர், "குவாரி வேண்டாமுன்னு அத்தன தூரம் அலைஞ்சீங்களாமா, கடைசில வந்துருச்சாட்டமிருக்குதுங்க?" என்று கேட்டார். "போனாப் போகுதுங்க. நீங்க சாப்புடுங்க" என்று பெரியப்பா அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். தோற்றுப்போனதை மழுப்புகிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அத்தை வண்டி ஏறும்போது பெரியப்பா காலில் விழுந்து எழுந்திருக்காமல் அழுதாள். எங்கள் வீட்டில் சோறு தின்று வளர்ந்துவிட்டு இவருக்கு எதற்கு அழுகிறாள் என்று அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. அவள் அப்பாவுக்கு மட்டும் தங்கை இல்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.