பங்கரி முதல்ல

அண்ணையின்ரை புது வீட்டுப் படியடியில், மேசன்மார் விட்டுப்போன மண்மூட்டைகள் மழையில் நனைந்து மணக்க, அதே இடத்தில் முன்பு இருந்த எங்கடை பங்கருக்குள், அந்தப் பதுங்குகுழிக்குள், மனம் இறங்கிவிட்டது. பனங்குற்றிக் கூரை, ஈரச்சாக்கு, மண்ணெண்ணெய் விளக்கு, முட்டுக்கால் இடிபடக் குந்தியிருக்கும் அயலட்டைச் சனம். ஷெல்லடிக்கு நடுவில் அதற்குள்தான் அம்மா என்னைப் பெற்றா. அதனால் ஊருக்கே நான் ‘பங்கரி’. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களும், குண்டுபோடுற பொம்பர் வானத்தில் இரைந்தால் ஓடிவந்து பங்கர் வாசலில் எனக்கு வழிவிட்டு நிற்பார்கள். பங்கருக்குள் பிறந்த பிள்ளை முதலில் இறங்கினால் அதற்குள் இருக்கிற ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்பது எங்கள் ஒழுங்கைச் சனத்தின் நம்பிக்கை. உள்ளே நின்று நான் “வாங்கோ!” என்று கத்தினபிறகுதான் பெரியவர்களே இறங்குவார்கள். அந்த நேரம் என்ரை நடையைப் பார்க்கவேணும், ராசாத்தி தோற்றாள்!

இன்றைக்குக் குடிபூரல். பால் காய்ச்சி முடிந்து, மொட்டைமாடியைப் பார்க்க எல்லாரும் படியடிக்கு வந்தார்கள். ஒருவரும் கால் வைக்கவில்லை.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?” என்றார் அண்ணை என்னைப் பார்த்து. “பங்கரி முதல்ல ஏறட்டும்.”

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். உச்சியில் நின்று, இரைச்சல் ஒன்றுமில்லாத வானத்தை ஆசைதீர அண்ணாந்து பார்த்துவிட்டு, அந்தப் பழைய குரலிலேயே கீழே கத்தினேன்.

“வாங்கோ!”