ராகு காலம் முடியட்டும்

ஒரு வாரமாகச் சளி, இருமல், காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை மாலை, படாளத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது திடீரென நெஞ்சு இறுகியது. மாரடைப்புதான் என்று முடிவுகட்டி, மச்சினனை அவன் ஆட்டோவைக் கொண்டுவரச் சொன்னேன்.

ஆட்டோ வந்தது. மனைவி வாசலை மறித்தாள். "ராகு காலம் நடந்துகினு கீது. முடியட்டும், போலாம்."

"அதுக்குள்ள நான் முடிஞ்சிட்டா?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா மாமா?" என்று மச்சினன் ஆட்டோ இன்ஜினை நிறுத்தினான்.

ஊரார் கல்யாணங்களில் நல்ல நேரத்தைக் கிண்டலடித்தே பேர் வாங்கியவன் நான். அன்று செருப்பும் போட்டுக்கொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் வந்ததும் படித்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் கோளாறில்லை, நுரையீரல் தொற்று என்றார் டாக்டர். "இதுவே ஹார்ட்டா இருந்தா? ஏன் உடனே வரல?"

"ரோட்டுல டிராபிக்," என்றேன்.

"நேரம் பாத்து இட்டுகினு போனேன், அதான் ஒண்ணுமில்ல," என்று மனைவி தெருவெல்லாம் சொல்கிறாள். நான் உயிரோடு இருப்பதுதான் அவளுக்கு ஆதாரம்.

இப்போதெல்லாம் வேறொரு ஆட்டோக்காரர் எண் என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. நெஞ்சு இறுகினால் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வீட்டில் சொல்வேன்.

எதிர்வீட்டுக்காரரும் இருமத் தொடங்கியிருக்கிறார். அவருக்கும் அந்த எண்ணைக் கொடுத்தேன். அவர் மனைவி நேற்று வந்து எங்கள் காலண்டரைப் பார்த்துவிட்டுப் போனாள்.