ஹெட்லி சக்டென் வாங்கிய வண்ண உரிமம்

எங்கள் தெருவில் நேர்மையானவர் யார் என்று கேட்டால் எல்லோரும் பதினேழாம் எண் வீட்டைக் காட்டுவார்கள். காட்டிவிட்டு ஒரு பெருமூச்சும் விடுவார்கள். அங்கே குடியிருக்கும் ஹெட்லி சக்டென், வடக்கு இங்கிலாந்தில் கீத்லிக்கும் ஸ்கிப்டனுக்கும் இடையே முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். சில்லறை குறைந்தது என்று சொந்த மாமியாரையே பாதி வழியில், மழையில், இறக்கிவிட்டவர். அந்த அம்மாள் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஹெட்லியும் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

இங்கே டிவி பார்க்க வீட்டுக்கு ஓர் உரிமம் வேண்டும், வருடாவருடம். அந்தப் பணத்தில்தான் நிகழ்ச்சிகள் எடுக்கிறார்கள். வண்ண டிவி என்றால் நூற்றெழுபது பவுண்டுக்கு மேல். கறுப்பு வெள்ளை என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. இந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளை உரிமம் எடுக்கிறவர்களைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசிக்கொள்வார்கள். மற்றவர்களுக்காக நான் சத்தியம் செய்ய முடியாது. ஹெட்லி வீட்டில் இருந்தது உண்மையாகவே கறுப்பு வெள்ளை. அதன்மேல் ஒரு டிஜிட்டல் பெட்டி, அதன்மேல் ஒரு பீங்கான் நாய்.

அதில்தான் அவர் நாற்பது வருடமாக ஸ்னூக்கர் பார்த்தார். எட்டு நிறப் பந்துகளை வைத்து ஆடுகிற ஆட்டத்தைச் சாம்பல் நிறத்தில் பார்ப்பதில் என்ன சிரமம் என்பது அவர் கேள்வி.

அவர் மனைவி ஏவிஸுக்குச் சிரமம் இருந்தது. அவளுக்குத் தோட்டம்தான் உயிர். மே மாதம் லண்டனில் நடக்கும் பெரிய மலர்க் கண்காட்சியை வருடம் தவறாமல் டிவியில் பார்ப்பாள். ஒரு வருடமாவது அதை வண்ணத்தில், தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. ஒவ்வொரு வருடமும் கேட்பாள். ஒவ்வொரு வருடமும் ஹெட்லி பதிலுக்குப் பஸ்ஸை உதாரணமாக இழுப்பார்.

"ஸ்கிப்டன் போறவனுக்கும் அடுத்த ஸ்டாப்ல இறங்குறவனுக்கும் ஒரே டிக்கெட்டா? நான் பாக்குறது ஸ்னூக்கரும் வானிலையும். ஊர்ல எல்லாரும் பாக்குற நாடகத்துக்கெல்லாம் நான் எதுக்குக் குடுக்கணும்? இது நியாயமே இல்ல."

"கடைசி வண்டியில ஒத்த குடிகாரனை ஏத்திக்கிட்டு ஸ்கிப்டன் வரைக்கும் போவியே, அந்த டீசல் யாரு காசு?"

"அது சேவை."

"இதுவும் அதேதான்."

"அது பஸ், ஏவிஸ்."

இதற்குமேல் வாதம் ஒரு வருடமும் நகர்ந்ததில்லை.

இந்த மே மாதம் இரண்டாவது வாரம், வானிலை அறிக்கையின் நடுவில், அந்த டிவி ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. பழுது பார்க்க ஆள் இல்லை. பிராட்ஃபோர்டில் இருந்த கடை இப்போது நகத்துக்குச் சாயம் பூசும் கடை. மறுநாளே மகள் லோர்னா, வீட்டில் சும்மா கிடந்ததென்று ஒரு வண்ண டிவியைக் காரில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஹெட்லி அதைத் தொடவில்லை. கையேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். பிறகு ரிமோட்டை எடுத்து வண்ணத்தை ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்துப் பூஜ்யத்தில் நிறுத்தினார்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். ஹெட்லி உரிம அலுவலகத்துக்குத் தானே போன் போட்டார். பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. ஏவிஸும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டார்.

"வண்ண டிவிதாம்மா. ஆனா வண்ணத்தை முழுசா குறைச்சு வெச்சுட்டேன். என் பழைய உரிமம் போதுமில்ல?"

மறுமுனையில் இருந்தது ஒரு பெண். "சார், வண்ணம் காட்டக்கூடிய டிவின்னா வண்ண உரிமம்தான். நீங்க எப்படி வெச்சுப் பாக்குறீங்கங்கறது கணக்கில்ல."

"வண்ணமே வரலைம்மா. நீங்க நேர்ல வந்து பாருங்க."

"வர வேண்டாம் சார், நம்புறேன். அப்பவும் வண்ண உரிமம்தான்."

"நான் உங்ககிட்ட சொல்லாமலே இருந்திருந்தா?"

"சொல்லிட்டீங்களே சார்."

ஹெட்லி போனை வைத்தார். இனி இந்த வீட்டில் டிவியே கிடையாது, லோர்னா வந்து திரும்ப எடுத்துப் போகட்டும் என்றார். ஒயரைப் பிடுங்கிச் சுருட்டவும் ஆரம்பித்தார்.

"ஸ்னூக்கரை ரேடியோவுல கேப்பியா?" என்றாள் ஏவிஸ்.

"நாப்பது வருஷமா நிறமே இல்லாமத்தானே பாத்தேன்? ஒரு பந்து தப்பினதில்ல. ஆறு பாயிண்ட் ஏறினா விழுந்தது பிங்க் பந்து. நாலு ஏறினா பிரவுன். இதுக்குக் கண்ணு எதுக்கு?"

"பூவுக்கு பாயிண்ட் போட மாட்டாங்க, ஹெட்லி."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். சுருட்டிய ஒயரைப் பிரித்துச் செருகினார். வண்ண உரிமத்துக்குப் பணம் கட்டினார், வண்ணத்தையும் பழையபடி ஏற்றினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஏவிஸ் பாக்கியசாலி.

முழுக் கட்டணம் கட்டியவர் முழுசாகப் பார்க்க வேண்டாமா? மறுநாள் காலை ஆறு மணிக்கே ஹெட்லி உட்கார்ந்துவிட்டார். குழந்தைகளுக்கான பொம்மை நிகழ்ச்சி பார்த்தார். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பதை, ஒரு சொல் புரியாமல், இறுதிவரை பார்த்தார். நாடாளுமன்றத்தில் சாக்கடை பற்றி ஒரு குழு மூன்று மணி நேரம் விசாரித்ததையும் விடவில்லை. டீ கேட்பதற்குக்கூட எழவில்லை, கையை மட்டும் தூக்கினார். பார்ப்பதோடு நிற்கவில்லை, பேசிக்கொண்டே பார்த்தார். "இதுக்கா என் காசு? பாத்தியா ஏவிஸ், இவன் சட்டைக்கும் நான்தான் குடுத்திருக்கேன்." ஒரு வாரம் இப்படி. சுவர் மெல்லிசு என்பதால் தெருவில் பாதிக்கு அது தெரியும்.

கண்காட்சி நாள் வந்தது. மதியம் ஏவிஸ் கையைக் கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் அதே சாக்கடைக் குழு, இரண்டாம் நாள்.

"மாத்து."

"இன்னும் முடியலையே. போட்ட காசுக்கு..."

"யாரு போட்ட காசு? நீயும் நானும் சேந்து போட்டது. அதுல பாதி என்னுது. இத்தனை நாள் உன் பாதி ஓடுச்சு. இப்ப ரெண்டு மணி. என் பாதி ஆரம்பிக்குது."

வேறு எந்த வாதத்துக்கும் அசைந்திருக்கமாட்டார். இதில் ஒரு நியாயம் இருந்தது, நியாயத்தைப் பார்த்துவிட்டால் ஹெட்லிக்கு வேறு வழி கிடையாது. ரிமோட்டை அவள் மடியில் வைத்தார். திரை முழுக்க லூபின் பூக்கள், ஊதாவும் மஞ்சளும் சிவப்புமாக நிமிர்ந்து நின்றன. ஏவிஸ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"இந்தப் பொம்பளை கையில இருக்குற அந்த மைக்..." என்று ஹெட்லி ஆரம்பித்தார்.

"என் பாதியில பேச்சு கிடையாது."

அவர் வாயை மூடினார். இரண்டு மணி நேரம், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சத்தமில்லை. பயந்துபோய் நானே கதவைத் தட்டப் போனேன்.

கட்டணம் நியாயமா என்று ஹெட்லியிடம் கேட்டேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். ஏவிஸிடம் கேட்டேன்.

"இன்னொரு மடங்கு கேட்டாலும் குடுப்பேன்" என்றாள். "பூவும் நல்லாத்தான் இருந்துச்சு."